கழற்றிப் பூட்ட முடிந்த பெட்டி

“சேர், இதை வித்துட்டு ஒரு நல்ல போனா எடுங்க. இதோட காலம் முடிஞ்சிருச்சு.”

பதுளை பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு தேத்தண்ணீர்க் கடையில், மேசைமேல் இருந்த என் யாஷிகா-மெட் கெமராவைப் பார்த்துவிட்டு ஒரு தம்பி சொன்னார். என்னிடம் உயர்தர இரசாயனவியல் படித்தவர். இப்போது கல்யாண வீடுகளுக்கும் சடங்கு வீடுகளுக்கும் படம் எடுத்துக் குடும்பத்தைப் பார்க்கிறார். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஆனாலும் அவர் சொன்னது தவறு. பசறையிலிருந்து அப்புத்தளை வரை யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். அதனால்தான் ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிக்கும் நேரத்தில் சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

அவர்கள் தரப்பை அதன் முழுப் பலத்தோடு முதலில் வைத்துவிடுவது நியாயம். பிலிம் கெமரா பழுதானால் பாகம் கிடைக்காது. திருத்த ஆளும் கிடையாது. ஒரு ரோல் வாங்கும் காசில் ஒரு வீட்டுக்கு அரிசி வாங்கலாம். எடுத்த ரோலைக் கழுவ ஊவா மாகாணத்தில் இடமில்லை. போனில் எடுத்தால் செலவே இல்லை. ஆயிரம் படம் சேரும். அடுத்த நிமிடமே சென்னையிலுள்ள சொந்தக்காரருக்குப் போய்விடும். இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் பழைய கெமராவைத் தூக்கிக்கொண்டு திரிகிறார் என்றால் அது கடந்த காலத்தின்மேல் உள்ள ஏக்கம். அதுவும் வசதியுள்ளவர்களுக்கே கட்டுப்படியாகிற ஏக்கம். இதுதான் வாதம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

திருத்த முடியாது என்கிறவர்களில் அனேகர் ஒரு பழைய கெமராவைத் திறந்து பார்த்ததில்லை. அதனால் திறந்தே காட்டுகிறேன்.

என்னுடைய கெமரா பெரியப்பாவுடையது. யாஷிகா-மெட் 124ஜி, ஜப்பானில் 1970 முதல் 1986 வரை செய்தார்கள். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. பெரியப்பா பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தவர். அவர் காலமான பிறகு அது ஒரு தகரப் பெட்டியில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்தது. வெளியே எடுத்துப் பார்த்தபோது 1/500 செக்கனில் ஷட்டர் ஒழுங்காக வெட்டியது. ஒரு செக்கனில் வைத்து அழுத்தினால் இதழ்கள் திறந்தன, மூடவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் “ஷட்டர் செத்துப் போச்சு” என்றார்கள்.

செத்துப் போகவில்லை, இறுகிப் போயிருந்தது. மெதுவான வேகங்களைத் தருவது ஷட்டருக்குள் இருக்கும் சின்னப் பற்சக்கர வரிசை, கைக்கடிகாரத்துக்குள் இருப்பதைப் போல. ஸ்பிரிங் அதைத் தள்ளும். சக்கரங்கள் சுழன்று முடியும்வரை இதழ்கள் திறந்திருக்கும். அந்தப் பற்களுக்கு இட்ட கிரீஸ் காலப்போக்கில் பலாப் பிசின் மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்பிரிங் தள்ளுகிறது, சக்கரம் அசைய மறுக்கிறது, இதழ் திறந்த வாயோடு நிற்கிறது. உடைந்த பாகம் ஒன்றும் இல்லை என்பதால் வாங்க வேண்டிய பாகமும் ஒன்றும் இல்லை. பிசினை எடுத்தால் போதும்.

முன்பக்கத்துத் தோலை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தேன். அடியில் ஒளிந்திருந்த ஸ்குரூக்களைக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒரு வெள்ளைக் கடதாசியில் ஒட்டி இலக்கம் போட்டேன். லென்ஸின் முன்பகுதியை எடுத்ததும் ஷட்டர் வெளிச்சத்துக்கு வந்தது. சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் எண்ணெயில் ஊசிமுனையைத் தோய்த்துச் சக்கரப் பல்லில் ஒரு சொட்டு விட்டேன். அழுத்தினேன், மூடவில்லை. இன்னொரு சொட்டு, மறுபடி அழுத்தல். அன்று இரவு எத்தனை தடவை அழுத்தினேன் என்று கணக்கில்லை. கடைசியில் ‘கிர்ர்ர்’ என்று ஒரு இழுவை, அதன் முடிவில் ‘டக்’ என்று ஒரு சத்தம். பெரியப்பாவின் வீட்டில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்ட அதே சத்தம். அடுத்த அறையில் படுத்திருந்த அம்மா எழுந்து வந்து வாசலில் நின்றார்.

மற்றப் பழுதுகளும் இப்படித்தான். பின்மூடியின் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் ஒட்டியிருந்த கறுப்பு ஸ்பொஞ்ச் தார் மாதிரி உருகிப் போயிருந்தது; அதைச் சுரண்டி எடுத்துவிட்டு கறுப்புக் கம்பளி நூலை ஒட்டினேன். லென்ஸில் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஐப்பசி அடைமழை தொடங்கினால் தை பிறந்த பிறகும் உடுப்புக் காயாத இந்த மலையில் அது வராவிட்டால்தான் அதிசயம். பார்மசியில் வாங்கிய ஹைட்ரஜன் பெரொக்சைட்டோடு கொஞ்சம் அமோனியா கலந்து துடைத்ததும் போய்விட்டது. ஒளிமானிக்கு வேண்டிய பாதரச பட்டரியை இப்போது அனேகமாக யாரும் செய்வதில்லை; காது கேட்கும் கருவிக்குப் போடுகிற துத்தநாக–காற்று பட்டரியின் மின்னழுத்தம் ஏறக்குறைய அதற்குச் சமம். லென்ஸைத் திரும்பப் பூட்டிய பிறகு, பிலிம் ஓடுகிற இடத்தில் மங்கலான ஒட்டுநாடாவை இறுக்கி ஒட்டி, ஷட்டரைத் திறந்து வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். எதிர் மலையில் நிற்கும் சவுக்கு மரம் ஊசி மாதிரிக் கூராக விழுந்திருந்தது. திருத்திய கெமராவுக்கு இதைவிட நல்ல நற்சான்றிதழ் வேறில்லை.

திருத்த ஆள் கிடையாதாம். எங்களைச் சுற்றித் திருத்துகிறவர்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? எனக்கு நுண்ணிய ஸ்குரூ டிரைவர்களை இரவல் தந்து, அவற்றைப் பிடிக்கும் விதத்தையும் காட்டித் தந்தவர் பதுளை பஜாரில் கைக்கடிகாரம் திருத்துகிற அண்ணன். தோலை ஒட்டித் தந்தவர் சப்பாத்துத் தைக்கிறவர். ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குள் போய்ப் பாருங்கள். அப்புத்தளைக்கு மேலேயுள்ள தம்பேதென்ன தொழிற்சாலையை லிப்டன் 1890இல் கட்டினார். இன்றும் அங்கே கொழுந்து அரைபடுகிறது. இந்த மலைகளில் தாத்தா காலத்து ரோலர்களைத் தோட்டத்து பிட்டர்கள் கழற்றிப் பூட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பாகம் தேய்ந்தால் கடைந்து புதிதாகச் செய்து போடுகிறார்கள். அவர்களிடம் போய் “உங்களுக்குப் பழைய காலத்து ஏக்கம்” என்று யாரும் சொல்வதில்லை. அதை வேலை என்கிறோம். அதே அறிவை ஒரு கெமராவின்மேல் செலுத்தும்போது மட்டும் அது ஏன் ஏக்கமாகிவிடுகிறது?

அடுத்தது செலவு. இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன், ஏனென்றால் இதில் உண்மை இருக்கிறது. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. கொழும்பிலிருந்து வரவழைக்கும் ஒரு ரோல் கறுப்பு வெள்ளை பிலிமின் விலை அதில் இரண்டு நாளைத் தாண்டிவிடும். அந்த ரோலில் எனக்குக் கிடைப்பது 12 படங்கள். 2022இல் டொலர் ஏறி நாடே கையை விரித்து நின்றபோது, நான் எட்டு மாதம் ஒரு ரோல்கூட வாங்கவில்லை. இடிந்த கூரையை, கொழுந்து நிறுத்தபோது குறைத்த கிலோவை, அட்டை கடித்துப் புண்ணான காலை எடுத்து உடனே அனுப்ப வேண்டுமென்றால் போனைத்தான் எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு என் கெமரா உதவாது. போனை எறியச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் ‘காசில்லாதவனுக்கு இது எதற்கு’ என்ற கேள்வி மலையகத்துக்குப் பழக்கமான கேள்வி. தோட்டத்துப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு எதற்கு என்று கேட்டார்கள். லயத்துக் காம்பராவுக்குள்ளே கழிவறை எதற்கு, பெண் பிள்ளைக்கு சைக்கிள் எதற்கு என்று கேட்டார்கள். கேட்டவர்கள் எப்போதும் எங்கள் நன்மைக்குத்தான் கேட்டார்கள். ஒரு தொழிலாளியின் தேவையை அரிசியோடு நிறுத்திவிடுவது அவர்மேல் காட்டும் இரக்கம் ஆகாது. தேவை எவ்வளவு என்று அவருக்காக வேறொருவர் அளந்து கொடுப்பதுதான் அது.

இன்னொன்று, பிலிமைக் கணக்குப் பார்க்கிறவர்கள் தனி மனிதனின் பொழுதுபோக்காக நினைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். ஒரு லயமாக நின்று பார்த்தால் கணக்கு மாறும். எங்கள் லயத்தில் 12 காம்பராக்கள். என் ரோலில் 12 படங்கள். ஒரு ரோலின் செலவைப் பன்னிரண்டு வீடும் பிரித்துக்கொண்டால் ஒரு வீட்டின் பங்கு சில இறாத்தல் பாணுக்கு மேல் போகாது. கோயில் திருவிழாவுக்கு வரி போடுகிறோம், மரணாதார சங்கத்துக்கு மாதச் சந்தா கட்டுகிறோம். பங்கு போட்டுச் செய்யத் தெரியாத சனம் இல்லை நாங்கள்.

கழுவ இடமில்லை என்று சொல்கிறவர்களுக்கு இரசாயனவியல் வாத்தியாராகப் பதில் சொல்கிறேன். பிலிமில் ஒளி பட்ட இடத்திலுள்ள வெள்ளி உப்பை உலோக வெள்ளியாக மாற்றுவதுதான் கழுவலின் முதற்படி. அதைச் செய்யும் பொருள்களில் மிகப் பழையது காலிக் அமிலம். இங்கிலாந்தில் டல்பொட் 1841இல் வெளியிட்ட முறை அதைக் கொண்டது. அதற்குப் பின் வந்தவற்றில் பைரோகலோலும் கட்டிகோலும் புகழ்பெற்றவை. தேயிலைக் கொழுந்தில் நிறைந்திருக்கும் கட்டிச்சின்களின் மூலக்கூறை எழுதிப் பாருங்கள்: ஒரு மூலையில் கட்டிகோலின் அமைப்பு, இன்னொரு மூலையில் காலிக் அமிலத்தின் அமைப்பு. எங்கள் ஆட்கள் நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகக் கிள்ளிப்போட்ட இலையிலேயே படம் கழுவும் மருந்தின் எலும்புக்கூடு இருக்கிறது.

அமெரிக்காவில் ரொசெஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1995இல் ஒரு வகுப்பு, உடனடிக் கோப்பித் தூளும் சலவைச் சோடாவும் சேர்த்துப் பிலிம் கழுவிக் காட்டியது. நாங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் தேயிலைத் தூளை வைத்துச் செய்தோம். கொதிக்கவைத்து ஆறவிட்ட கடும் சாயம், சலவைச் சோடா, கொஞ்சம் விற்றமின் சி. முதல் துண்டு தண்ணீர் மாதிரி வெளிறி வந்தது. சோடாவைக் கூட்டி நேரத்தையும் கூட்டினோம். மூன்றாவது துண்டை ஒரு மாணவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். பாடசாலைக் கொடிக்கம்பம் வெள்ளைக் கோடாக நின்றது, பின்னால் நமுனுகுல மலை கறுப்பு வெள்ளை மாறித் தெரிந்தது. அவளுடைய அம்மா கொழுந்தெடுக்கிற மலை அது. அடுத்த நாள் அந்தப் பிள்ளை வீட்டிலிருந்து ஒரு சுண்டு தேயிலை கொண்டு வந்து தந்தாள், அடுத்த ரோலுக்கு என்று.

ஒளி படாத உப்பை அகற்றுகிற ஹைப்போவுக்கு மட்டும் நல்ல மாற்று இல்லை. சோடியம் தயோசல்பேற்றை வாங்கத்தான் வேண்டும். அது மலிவான இரசாயனம். ஒரு வாளி, ஒரு கறுப்புத் துணிப் பை, மூடியுள்ள ஒரு தொட்டி: ஊவாவில் கழுவ இடமில்லை என்ற பேச்சு இவ்வளவோடு முடிகிறது.

இனி முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். போனில் ஆயிரம் படம் பத்திரமாக இருக்கிறதாம்.

பெரியப்பாவின் தகரப் பெட்டியில் கெமராவோடு இன்னும் ஐந்து சப்பாத்துப் பெட்டிகள் இருந்தன. ஸ்டூடியோ மூடியபோது குப்பைக்குப் போக இருந்த நெகட்டிவ்களை அவர் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றும் ஒரு கடதாசி உறைக்குள். உறையின்மேல் பென்சிலால் பெயர், தோட்டம், டிவிசன், திகதி. பெரும்பாலானவை கடவுச்சீட்டுக்கு எடுத்தவை. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் மலையகச் சனத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிச்சம் வைத்த 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கு போட்டன. அந்தப் பங்கீட்டில் போனவர்கள் பதுளைக்கு இறங்கி வந்து, ஸ்டூடியோ ஸ்டூலில் உட்கார்ந்து, வெள்ளைத் துணிக்கு முன்னால் எடுத்த படங்கள் அவை. அதற்குப் பிறகு அழுகைக் கோச்சி என்று பெயர் வாங்கிய ரயில், தலைமன்னார், கப்பல், மண்டபம் முகாம். லயத்தில் விட்டுப்போன சாமான் யார் யாருக்கோ போயிற்று. ஊவாவில் அவர்கள் முகம் மிஞ்சியிருக்கும் ஒரே இடம் அந்தச் சப்பாத்துப் பெட்டிகளாகக்கூட இருக்கலாம்.

அந்த நெகட்டிவைப் பார்க்க எனக்கு ஒரு கருவியும் வேண்டியிருக்கவில்லை. ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். ஐம்பது வருடத்துக்கு முந்திய ஒரு பெண், தலை வெள்ளையாகவும் முகம் கறுப்பாகவும் மாறி, நேரே என்னைப் பார்த்தார். கடவுச்சொல் கேட்கவில்லை. ‘இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்று ஒன்றும் எழுதி வரவில்லை. 2010இல் நான் வைத்திருந்த போனில் என் மகளின் முதல் இரண்டு வருடப் படங்கள் இருந்தன. அந்தப் போன் இன்றும் என் மேசை லாச்சியில் இருக்கிறது. படங்கள் உள்ளேதான் இருக்கின்றன. திறக்கிறவர் யாரும் கிடைக்கவில்லை. ஒட்டி மூடிய பெட்டியை உடைத்தால்தான் திறக்கலாம், உடைத்தால் உள்ளே இருப்பது போய்விடும் என்றார்கள். எது பாகம் கிடைக்காத பழைய சாமான், எது திருத்த முடிந்த சாமான் என்று இப்போது சொல்லுங்கள்.

நெகட்டிவ் அழியாது என்று பொய் சொல்ல மாட்டேன். அசற்றேற் பிலிம் ஈரத்திலும் சூட்டிலும் மெல்ல மெல்லச் சிதையும், வினாகிரி வாடை அடிக்கும். மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29இல் மலை சரிந்தபோது லயங்கள் ஆட்களோடு புதைந்தன. சுவரில் தொங்கிய படங்களைப் பற்றிப் பேச அன்று யாருக்கும் வாயில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உருக்குலைத்தபோதும் அப்படித்தான். மண் எதையும் விட்டுவைப்பதில்லை, போனையும்தான். ஆனால் வீட்டுப் படம் மண்ணுக்குள் போனாலும் பட்டணத்து ஸ்டூடியோவில் நெகட்டிவ் இருந்தால் அதே படத்தை மறுநாளே திரும்பப் போட்டுக் கொடுக்கலாம். வினாகிரி வாடை நாங்கள் விழித்துக்கொள்ள வருடக் கணக்கில் அவகாசம் தருகிறது. ஒரு போன் அணையும்போது அப்படி எந்த அவகாசமும் தருவதில்லை.

நெகட்டிவ்களை ஸ்கேன் பண்ணி வைத்தால் போதாதா, எதற்குப் புதிதாகப் பிலிம் எடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஸ்கேன் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டிகளை ஒழுங்காகப் பார்க்க எனக்குத் தெரிய வேண்டியதை எல்லாம் கெமராவைப் பாவித்துத்தான் படித்தேன். ஹைப்போ சரியாகப் போகாத நெகட்டிவ் எது, மறுபடி கழுவினால் பிழைக்குமா என்று கண்டுபிடிப்பது எப்படி, வெளிச்சம் குறைந்த படத்தில் முகத்தைக் கொண்டு வருவது எப்படி என்பதெல்லாம் கைப்பழக்கம். கைப்பழக்கம் கையோடு போய்விடும். ஷட்டரும் அப்படியே: இடைக்கிடை அழுத்தாவிட்டால் மறுபடி இறுகிவிடலாம். ஓடவிட்டால்தான் அது கெமரா.

நாங்கள் யாருடைய கெமராவில் இருந்தோம் என்பதையும் யோசிக்க வேண்டும். உலகப் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரூன் 1875இல் இலங்கையில் குடியேறி, இங்கே உழைக்கிற சனத்தைப் படம் எடுத்து, 1879இல் இங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். ஸ்கோவன், பிளாற்றே போன்ற ஸ்டூடியோக்கள் கொழுந்தெடுக்கும் பெண்களைப் படமாகவும் தபாலட்டையாகவும் ஆக்கி உலகமெங்கும் விற்றன. அவற்றில் எங்கள் பெண்களின் முகம் இருக்கிறது, கூடை இருக்கிறது, மூக்குத்தி இருக்கிறது. பெயர் அனேகமாக இல்லை. 2023இல் எங்கள் வருகையின் இருநூறாவது வருடத்தை ‘மலையகம் 200’ என்று நினைவுகூர்ந்தபோது எங்கள் பதாகைகளில் நாங்களே போட்டுக்கொண்டதும் அதிகமாக அந்தப் படங்களைத்தான். எங்கள் சனத்தின் முகத்தோடு பெயரும் டிவிசனும் சேர்ந்திருப்பது துரைமார் வாங்கிய படங்களில் அல்ல, பெரியப்பாவைப் போன்ற பட்டணத்து ஸ்டூடியோக்காரர்கள் பென்சிலால் எழுதிவைத்த உறைகளில். அந்தத் தொழிலை ‘காலம் முடிந்தது’ என்று இரண்டு சொல்லில் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக ஏக்கம் என்ற குற்றச்சாட்டு. எல்ல பக்கத்தில் உல்லாசப் பயணிகள் சாப்பிடுகிற கடைகளின் தட்டுகளில் பழைய கெமராக்களை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அழகுக்கு வைத்திருக்கிறார்கள், பலவற்றில் லென்ஸ்கூட இல்லை. அதற்கு ஏக்கம் என்று பெயர் சொன்னால் ஒத்துக்கொள்வேன். ஆனால் அலமாரியில் வைக்கிறவரும் குப்பையில் போடுகிறவரும் ஒரே கட்சிக்காரர்கள். இருவருமே அது செத்த சாமான் என்று முடிவுகட்டியவர்கள். ஒருவர் புதைக்கிறார், மற்றவர் மாலை போடுகிறார். கழற்றித் துடைத்து ரோல் போடுகிறவர் அந்த இருவருக்கும் எதிர்க்கட்சி.

காலம் முடிந்தது என்பது தகவலாகவும் பிழை. எங்கள் சனத்தில் பலரைக் குடியேற்றிய நீலகிரியில், ஊட்டியில், இந்திய அரசு 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இன்று மூடிக் கிடக்கிறது. கொடக் நிறுவனம் 2012இல் வங்குரோத்துக்குப் போனது. இவற்றைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். ஆனால் கொடக் பிலிம் இன்றும் அமெரிக்காவில் உற்பத்தியாகிறது. இங்கிலாந்தில் இல்போர்ட் பிலிம் செய்கிற ஹார்மன் நிறுவனம் 2023இல் புதிதாக ஒரு கலர் பிலிமையே வெளியிட்டது. 2024இல் பென்டக்ஸ் ஒரு புத்தம் புதிய பிலிம் கெமராவைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அதே வருடம் ஐரோப்பிய ஒன்றியம், வாங்கிய சில வகைச் சாமான்களைத் திருத்திப் பாவிப்பது பாவனையாளரின் உரிமை என்று சட்டம் செய்தது. உலகம் திருத்துகிற பக்கம் மெல்லத் திரும்புகிறது. தலைமுறை தலைமுறையாகத் திருத்தி வாழ்ந்த நாங்கள் மட்டும் அதை விட்டுவிட்டு எறியப் பழகுகிறோம். ஊவாவில் எத்தனையோ வீடுகளில், உடுப்புப் பெட்டிக்கு அடியில், ஒரு யாஷிகாவோ செனிற்றோ கிடக்கிறது. பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்க முன்னர் ஒரு தடவை ஒரு செக்கனில் வைத்து அழுத்திக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். நெகட்டிவ்களை வெள்ளிக்கு உருக்குகிறவனுக்கு நிறுத்து விற்க முன்னர் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

போன தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் எங்கள் லயத்தில் வீட்டுக்கு ஒரு படம் எடுத்தேன். தலையைக் குனிந்து பார்க்க வேண்டிய கெமரா என்பதால், ஒவ்வொரு வாசலிலும் குனிந்து நின்றுதான் எடுத்தேன். பன்னிரண்டு படம்தானே என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. முகம் கழுவி, தலை சீவி, பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தி, ஒரு படத்துக்கு ஒரு குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எழுபத்தைந்து வயது ஆச்சி ஒருவர் கூடை வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, அதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, “இப்ப எடுங்க” என்றார்.

பன்னிரண்டாவது காம்பரா பூட்டிக் கிடந்தது. அவர்கள் குடும்பத்தோடு கொழும்புக்கு வேலைக்குப் போய் மூன்று வருடம். அந்த ஒரு படத்தை வேறு யாருக்காவது எடுக்கலாமே என்று கேட்டேன். ஆச்சி விடவில்லை. “கதவை எடுங்க. அவங்க வந்தா கேப்பாங்க” என்றார். கதவை எடுத்தேன்: பச்சைச் சாயம் உரிந்த பலகை, துருப் பிடித்த பூட்டு, படியில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.

அன்று இரவு தேயிலைச் சாயத்தில் கழுவி, காயவைத்து, பெரியப்பாவின் மிச்சமிருந்த உறைகளில் போட்டேன். பதினொரு உறைகளில் பெயர்களை எழுதினேன். பன்னிரண்டாவதில் என்ன எழுதுவது என்று ஆச்சியிடம் போய்க் கேட்டேன். அந்த வீட்டு ஐந்து பேரின் பெயரையும், பெரியவரிலிருந்து கைக்குழந்தை வரை, அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பென்சிலால் எழுதினேன்.